இறக்கிப் பார்த்த அக்கா

பக்கத்து வீட்டு அக்காவிடம் நான் எதைச் சொன்னாலும் திரும்பி வருகிற கேள்வி ஒன்றுதான். "பார்த்தியா, நெனச்சியா?" இன்றைக்குத் தண்ணி லாரி வராது என்று சொன்னால், பார்த்தியா, நெனச்சியா. எதிர் வீட்டுப் பெண்ணுக்கு வரன் முடிந்துவிட்டது என்றால், பார்த்தியா, நெனச்சியா. கண்ணால் பார்த்தாயா, நீயாக நினைத்துக்கொண்டாயா என்று அர்த்தம். கோபமாகக் கேட்கமாட்டார். காய்ச்சல் எத்தனை நாளா இருக்கு என்று டாக்டர் கேட்பாரே, அந்தக் குரல். எனக்குத்தான் சுருக்கென்றிருக்கும். பெரிய ஜட்ஜ் அம்மா என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்துவிடுவேன். மறுநாள் காலையில் காபி டம்ளரோடு அதே சுவர் பக்கம்தான் போய் நிற்பேன், அது வேறு விஷயம்.

இரும்புலியூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கும் அவருடைய வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர். ஒரகடம் பக்கம் வண்டிப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் அவருக்குக் குவாலிட்டி செக்‌ஷன் வேலை. செய்து வந்த பாகத்தை அளந்து பார்த்து, சரியில்லாததைத் தள்ளி வைக்கவேண்டும். காலையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம் வருவார். வந்த பிறகும் அதே வேலையைத் தெருவில் தொடர்கிறார் என்பதுதான் எங்கள் எல்லாருடைய புகாரும். குட்டையான உருவம், சுடிதாருக்கு மேலே கம்பெனி நீலச் சட்டை, நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட கண்ணாடி. கத்தரிக்காய் பொறுக்கும்போது மட்டும் கண்ணாடி கீழே இறங்கும்.

நான் அப்போது அனகாபுத்தூர் தறிக்காரர்களிடம் சேலை எடுத்து, வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்றுக்கொண்டிருந்தேன். அக்காவிடமும் ஒன்றைத் தள்ளிவிடலாம் என்று வாழைநார் கலந்த மஞ்சள் சேலை ஒன்றைச் சுவர்மேல் விரித்தேன்.

"சாயம் போகவே போகாதுக்கா."

"பார்த்தியா, நெனச்சியா?"

"தறிக்காரரே சொன்னாருக்கா."

"நீ பார்த்தியான்னு கேட்டேன்."

உள்ளே போய் ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவந்தார். புதுச் சேலையின் முந்தானையைப் பிடித்து அமுக்கியே விட்டார். ஐயோக்கா என்று நான் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். ஊறவைத்து, கசக்கி, பிழிந்து, பக்கெட்டை வெயிலில் தூக்கி வைத்துத் தண்ணீரைப் பார்த்தார். தெளிவாகத்தான் இருந்தது. "இப்போ சொல்லு, போகாதுன்னு" என்று சொல்லி அந்த ஈரச் சேலையையே வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து 'நானே துவைத்துப் பார்த்தது' என்று ஒரு வரி சேர்த்துத்தான் படம் போட்டேன். வியாபாரம் நன்றாகவே நடந்தது. அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

ஒரு மழைக்காலத்தில் ஏரிக்கரை உடைந்துவிட்டது என்று போனுக்குப் போன் செய்தி பறந்தது. தெருவே மூட்டை கட்டியது. நான் டிவியைக் கட்டிலுக்கு மேல் ஏற்றி வைத்து, அதற்கு மேல் சேலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். அக்கா மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் ஏரிப் பக்கம் நடந்தார். போனவர் அரை மணியில் திரும்பி வந்து, "உடையல" என்றார். எல்லாரும் அப்பாடா என்று உட்காரப் போகும்போது, "இப்போதைக்கு" என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தக் கடைசி வார்த்தையை விழுங்கியிருந்தால் தெருவே அவரைக் கொண்டாடியிருக்கும். அவருக்கு விழுங்கத் தெரியாது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. என் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்த அன்றைக்கு, தாம்பரத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து, ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அக்கா லீவு போட்டுவிட்டு ஃபிளாஸ்க்கோடு வந்தார்.

"நீங்களாவது சொல்லுங்கக்கா, ஒண்ணும் ஆகாதுன்னு."

"எப்படிச் சொல்றது? எனக்குத் தெரியாதே."

சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. டீ ஊற்றிக் கொடுத்தார், மருந்துக் கடைக்குப் போய்வந்தார், நர்ஸ் வெளியே வரும்போதெல்லாம் எழுந்து போய்க் கேட்டு, கேட்டதை அப்படியே வந்து சொன்னார். அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாதது எனக்கு ரொம்ப நாள் ஆறவே இல்லை. இவ்வளவு செய்கிற மனுஷிக்கு வாய் வார்த்தையில் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொள்வேன்.

இனிமேல்தான் வண்டி வருகிறது.

அக்காவின் அப்பா மகளோடும் மாப்பிள்ளையோடும்தான் இருந்தார். தெருவில் எல்லாருக்கும் பெரியவர். வாலிப வயசில் வொர்க்‌ஷாப் வைத்திருந்தவர், மலை ரோட்டுப் பந்தயங்களில் ஓட்டியவர். அக்கா சின்ன வயதில் பல்லாங்குழி ஆடியதைவிட நட்டும் போல்ட்டும் பிரித்து விளையாடியதுதான் அதிகம் என்று அவரே சொல்லியிருக்கிறார். பெரியவருடைய சொத்து என்று இருந்தது, கார் ஷெட்டில் படுதா போட்டு மூடிய ஒரு பச்சை வண்டி. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், மேலே கூரை கிடையாது, தரையோடு தரையாக இருக்கும். ஏதோ எஸ்டேட் வெள்ளைக்காரர் விட்டுப்போனதைத் துருவோடு வாங்கி இவர் உயிர் கொடுத்ததாம். வருஷம் முழுக்க நிற்கும். ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் குளித்து, பொட்டு வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பும். அதோடு அடுத்த வருஷம்தான்.

ஒரு வருஷம் பெரியவருக்கு முட்டி வீங்கி, கால் மடக்க முடியவில்லை. வண்டியோ காலை மடக்கித்தான் உள்ளே இறங்க முடிகிற வண்டி. சாவியை மாப்பிள்ளையிடம் கொடுத்தார். அக்காவின் கணவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு காலேஜ் ஆபீஸில் வேலை, அதிர்ந்து பேசாத மனுஷர். ஸ்கூட்டரையே ஹாரன் அடிக்காமல் ஓட்டுகிறவர். அக்கா அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து இன்னும் வரவில்லை. நல்ல நேரம் முடியப்போகிறது என்று பெரியவர் அவசரப்படுத்தினார். அண்ணா சாவியைத் திருப்பினார். வண்டி உறுமிற்று, எலுமிச்சம்பழம் நசுங்கிற்று, நாங்கள் கை தட்டினோம். கேட்டைத் தாண்டுவதற்குள் உள்ளேயிருந்து டக், டக்கடக்கென்று சுத்தியல் அடிக்கிற சத்தம். பிறகு நின்றே போயிற்று.

"கொன்ட்டியேடா" என்றார் பெரியவர். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. "ஆக்சிலேட்டர மிதிமிதின்னு மிதிச்சு என் வண்டிய கொன்ட்டியேடா."

கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளையை 'வாங்க, போங்க' என்று மட்டுமே பேசியவர் அவர். அண்ணா வண்டியிலிருந்து இறங்கினார். சாவியைப் பானெட் மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே குக்கர் சோற்றை, வேறு வேறு நேரத்தில் சாப்பிட்டார்கள். கொஞ்ச நாளில் அண்ணா கூடுவாஞ்சேரியில் வீடு பார்த்துவிட்டு வந்தார். அட்வான்ஸ் கொடுக்கப்போவதாகச் சொன்னார். பெரியவர் தனியாக இருக்கமுடியாது, அண்ணா அவரோடு இருக்கமாட்டார். நடுவில் அக்கா.

"என்ன பண்ணப்போறீங்கக்கா?" என்று கேட்டேன்.

"இறக்கிப் பார்க்கப்போறேன்."

"எதை?"

"இன்ஜினை. உங்கண்ணா மிதிச்சதால போச்சுன்னு அப்பா சொல்றார். மிதிக்கவே இல்லன்னு அவர் சொல்றார். ரெண்டு பேரும் நெனச்சுதான் பேசறாங்க, உள்ள யாரும் பார்க்கலயே. பார்க்கிற வரைக்கும் யாரும் எங்கயும் போகவேணாம்னு சொல்லிட்டேன்."

குடும்பம் பிரிகிற நேரத்தில் இந்த மனுஷி ஸ்பானரைத் தேடுகிறாரே என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக வேலை நடந்தது. இன்ஜினின் மேல் பாதியைத் தலை என்றுதான் சொல்வார்கள். தலையைக் கழற்றித் தார்ப்பாய் விரித்து வைத்தார். கழற்றிய ஸ்பிரிங், பூட்டு எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடக்கூடாது, எந்த இடத்திலிருந்து வந்ததோ அதே இடத்துக்குப் போகவேண்டும் என்று என்னிடம் இட்லித் தட்டு கேட்டார். ஒவ்வொரு குழியிலும் ஒரு செட், பக்கத்தில் சாக்பீஸில் எண். காற்றை உள்ளே விட்டுப் புகையை வெளியே விடத் திறந்து மூடுகிற வால்வுகளை ஸ்வீட் பெட்டி மூடியில் ஓட்டை போட்டு வரிசையாகக் குத்தி வைத்தார். பார்ப்பதற்கு நீளக் காம்போடு காளான் போலிருந்தன. இரண்டு மட்டும் காம்பு கோணியிருந்தது. அந்த இட்லித் தட்டு திரும்பி வந்தபோது அதில் இட்லி ஊற்ற எனக்கு மனசு வரவில்லை.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இன்ஜினுக்குள் மேலும் கீழும் ஓடுகிற பிஸ்டனின் தலையில் நகம் பதிந்த மாதிரி பிறையாக ஒரு வடு. அதுபோல இரண்டில்தான் இருந்தது. மற்றதெல்லாம் சுத்தம்.

"ரொம்ப வேகமா சுத்தி இடிச்சிருந்தா எல்லாத்துலயும் தடம் இருக்கணும். இந்த ரெண்டு வால்வும் திறந்தது திறந்தபடியே ஒட்டிக்கிட்டு நின்னிருக்கு. மூடறதுக்குள்ள பிஸ்டன் வந்து முட்டிடுச்சு. யார் சாவி போட்டிருந்தாலும் முட்டியிருக்கும்."

"அப்போ அண்ணா மேல தப்பு இல்லயே. இதைப் போய்ச் சொல்லுங்க முதல்ல."

"ஏன் ஒட்டிச்சுன்னு கேப்பார். இதைத் தொட்டுப் பாரு."

வால்வுக் காம்பில் பழுப்பாக ஏதோ பிசின் மாதிரி காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் ஒட்டிக்கொண்டது. மோந்து பார்த்தேன். எங்கேயோ தெரிந்த வாசனை. குழந்தைக்கு வயிறு சுத்தம் செய்யக் கொடுப்போமே, அது.

விளக்கெண்ணெய்.

பந்தயம் ஓட்டிய காலத்தில் இன்ஜினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றினார்களாம். அதைப்போல ஒரு எண்ணெய் உலகத்தில் கிடையாது என்பது பெரியவர் நம்பிக்கை. வருஷம் முழுக்க நிற்கிற வண்டிக்குள் துரு பிடிக்கக்கூடாதே என்று, அக்கா கம்பெனிக்குப் போன நேரமாகப் பார்த்து, மூடியைத் திறந்து வால்வுகள் மேல் சொட்டுச் சொட்டாக விட்டுவந்திருக்கிறார். பிள்ளைக்குத் தலையில் எண்ணெய் வைப்பது போல. ஓடுகிற வண்டியில் அது எரிந்து போகும். நிற்கிற வண்டியில் காய்ந்து, வருஷா வருஷம் பிசினாகச் சேர்ந்துகொண்டே போகும். இதையும் அக்கா நினைத்துச் சொல்லவில்லை. ஒரு இரும்புத் துண்டில் பெரியவர் அலமாரியில் இருந்த பாட்டில் எண்ணெயையே தடவி, மொட்டைமாடி வெயிலில் பல வாரம் போட்டு வைத்துப் பார்த்திருக்கிறார். அதே பழுப்பு, அதே பிசுபிசுப்பு.

"பழைய பெட்ரோல் கெட்டுப்போய் ஒட்டிக்கிச்சுன்னு சொல்லிடுங்கக்கா" என்றேன். "அண்ணாவும் தப்பிச்சார், பெரியவரும் தப்பிச்சார். தன் கையாலயே கெடுத்துட்டோம்னு தெரிஞ்சா அந்த மனுஷர் ஒடஞ்சு போயிடுவார்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டார்.

"அவருக்காகப் பொய் சொல்ல ஆரம்பிச்சா, அப்புறம் நான் எதைச் சொன்னாலும் அது நிஜமா, தனக்காகச் சொல்றதான்னு அவருக்குத் தெரியாமப் போயிடும். மனுஷர் நல்லா உசுரோட இருக்கும்போதே அப்படி ஓரமா உக்கார வைக்கக்கூடாது."

மறுநாளே சொன்னார். பெரியவர் ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்துகிற சாக்கில் நின்றேன். அக்கா கோணல் வால்வுகளை ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து நீட்டினார். இரண்டு பிஸ்டன் வடுவைக் காட்டினார். ஒட்டிக்கொண்டதைச் சொன்னார்.

"ஒட்டிக்கினா? இத்தினி வருசம் ஒட்டாதது இப்ப ஏன் ஒட்டுது?"

"மோந்து பாருங்கப்பா."

பெரியவர் மோந்தார். மறுபடி மோந்தார். கட்டைவிரலால் அந்தப் பிசினைத் தேய்த்துப் பார்த்தார். அக்கா மாடியிலிருந்து எடுத்துவந்த இரும்புத் துண்டையும் பக்கத்தில் வைத்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை, ம்ஹூம். எனக்கு அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது.

"நானா?" என்றார் பெரியவர்.

"ஆமாப்பா."

அவர் தட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டு, நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவ ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு உட்கார்ந்திருந்த அதே உட்காரல்தான்.

ஒரு வாரம் பெரியவர் ஷெட் பக்கமே வரவில்லை. அக்காவிடமும் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் விளக்கெண்ணெய்ப் பாட்டிலோடு வெளியே வந்து, சுவர் வழியாக என்னிடம் நீட்டினார். "இந்தாம்மா, வூட்ல வெளக்கு ஏத்து." பிறகு நொண்டி நொண்டி நடந்துபோய், வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணா முன்னால் நின்றார்.

"மாப்ள, கைய கழுவினு வாங்க. வேல கீது."

புது வால்வுகள் வந்திருந்தன. வால்வு உட்காருகிற இடத்தில் காற்றுப் புகாமல் படிய, நடுவில் அரைக்கிற பசையைத் தடவி, ரப்பர் வைத்த ஒரு குச்சியை ஒட்டி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் உருட்டவேண்டும். மோர் கடைகிற மாதிரிதான். பெரியவர் விரல்கள் மடங்காது. அண்ணா உருட்டினார், பெரியவர் குனிந்து காதைக் கொடுத்தார். முதலில் கரகரவென்று கேட்கும். போகப்போகச் சத்தம் மெலியும். "போதும்" என்பார். அடுத்த வால்வு. அன்றைக்கு முழுக்க அந்த ஒரு வார்த்தைதான். மத்தியானம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டார்கள் என்று அக்கா என்னிடம் சொன்னார். பார்த்துவிட்டுத்தான் சொன்னார். கூடுவாஞ்சேரி வீட்டுக்கு வேறு யாரோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார்.

அப்படியும் அண்ணா சாவியைத் தொடவில்லை. இனிமேல் அந்த வண்டியில் நான் ஏறமாட்டேன், அதைக் கேட்காதீங்க என்று சொல்லிவிட்டார். தெருவில் வாங்கிய அந்த 'டா' உள்ளே எங்கேயோ நின்றுவிட்டது போல.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. கடைசியாக வரவேண்டிய ஒரு பாகம் முந்தின நாள்தான் பார்சலில் வந்தது. அக்கா அன்றைக்கு மத்தியானம் வரை பூட்டிக்கொண்டிருந்தார். ஸ்பானர் போட்டு இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தார், எதுவும் இடிக்கவில்லை. ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட்டு அப்புறம் பூஜையை வைத்துக்கொள்ளலாம் என்றார். நல்ல நேரம் போய்விடும் என்று பெரியவர் விடவில்லை. மாலை போட்டாயிற்று, சூடம் காட்டியாயிற்று, எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பொரிக்கு நின்ற தெரு அப்படியே கேட்டில் நின்றது.

பெரியவர் சாவியை அண்ணாவிடம் நீட்டினார். "போங்க மாப்ள."

அண்ணா பின்னால் நகர்ந்தார். பெரியவர் கை நீட்டியது நீட்டியபடியே இருந்தது. இப்போது மறுத்தால் இனி அந்தக் கை எதற்காகவும் நீளாது என்று எங்கள் எல்லாருக்குமே தெரிந்தது. அண்ணாவுக்கும் தெரிந்திருக்கவேண்டும். சாவியை வாங்கினார். வாங்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

"நீ சொல்லு. ஒண்ணும் ஆகாதுல்ல?"

 அந்த இன்ஜின் இன்னும் ஒருமுறைகூட ஓடவில்லை. அக்கா என்ன சொல்வார் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். ஸ்டார்ட் பண்ணினாத்தான் தெரியும் என்பார். கடவுளே, இன்றைக்கு ஒரு நாளாவது இந்தம்மா வாயை மூடிக்கொண்டிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"ஒண்ணும் ஆகாது" என்றார் அக்கா. "போடுங்க."

அண்ணா உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். இருமிற்று, நின்றது. மறுபடி திருப்பினார். இருமி, நீலமாகக் கொஞ்சம் புகையைத் துப்பிவிட்டுப் பிடித்துக்கொண்டது. சத்தம் மெல்ல ஒரு சீராக வந்தது. நாலு பழமும் நசுங்கின. பெரியவர் வீங்கிய முட்டியை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்து, மாப்பிள்ளை பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். வண்டி தெருக்கோடிக்குப் போய்த் திரும்பாமல், ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் வளைந்து போயே விட்டது.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே பொறாமையும் இருந்தது, மறைப்பானேன். அம்மா ஆபரேஷன் அன்றைக்கு நான் கெஞ்சிக் கேட்டும் கிடைக்காத வார்த்தை அது.

மறுநாள் காலை காபி டம்ளரோடு சுவர் பக்கம் போனேன். அக்கா நீலச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ஏங்கக்கா, நேத்து ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்களே. பார்த்தீங்களா, நெனச்சீங்களா?"

"பார்த்துட்டுதான் சொன்னேன்."

"வண்டி ஸ்டார்ட்டே ஆகலையே அப்போ. எதைப் பார்த்தீங்க?"

"உங்கண்ணா கையை" என்றார். "சாவி ஆடிக்கிட்டே இருந்துச்சு."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டைச் சாத்திவிட்டுப் போனார்.